மாலை வண்டியில் வந்த விலை

இன்று காலை பூந்தமல்லிச் சாலையில் ஒரு சுவரில் விளம்பரத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புளியங்கொட்டைப் பசையின் வாசனை. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை அது. வேலையாகப் போனவன், பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன்.

நீ ஆவடி ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தா. நான் பூந்தமல்லி மண்டியில் வேர்க்கடலைக் கடை வைத்திருந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சதவீதமும் சராசரியும் நானாகக் கற்றுக்கொண்டவை. பட்டணத்து மாலைப் பத்திரிகையில் வரும் கடலை விலையை நீ தினமும் வெட்டி எடுத்து வைப்பாய். ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டுகளோடு சைக்கிளில் வருவாய். தேதிவாரியாக நீ ஒட்ட, அதே தேதிக்கு நேராக எங்கள் மண்டி விலையை நான் எழுதுவேன். இப்படி ஏழு வருஷம்.

எனக்கு ஒரு விதி தோன்றியிருந்தது. பட்டணத்தில் விலை முந்தின நாளைவிடக் ஒரு கண்டி எடைக்கு எட்டணா ஏறினால், அன்றே இங்கே வாங்க வேண்டும். பத்தாம் நாள் விற்க வேண்டும். பழைய வருஷங்களில் அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு நாளாகப் போட்டுப் பார்த்தோம். வரப்போகும் விலை கண்ணில் படக்கூடாது என்று கீழ்வரிகளை நீ ஓர் அட்டையால் மூடிக்கொள்வாய். "கீய பாக்காதே அண்ணாத்தே. பாத்துட்டா கை தானா அந்தப் பக்கம் சாஞ்சுடும்" என்பாய்.

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து கடலையெல்லாம் அழுகிய வருஷத்தை விட்டுவிடலாம் என்றேன். விதி அங்கே சறுக்கியது. நீ விடவில்லை.

"ஏரி ரொம்புனது ஏரியோட இஷ்டம். வருஷத்தைத் தூக்கிப் போட நாம யாரு?"

அந்த வருஷத்தையும் சேர்த்தோம். அப்படியும் விதி நின்றது. எனக்குத் தலை கால் புரியவில்லை. மண்டியில் எல்லோரிடமும் சொன்னேன். மூன்று கடைக்காரர்கள் அந்தப் பருவம் முழுவதும் என் விதிப்படி வாங்குவதாக ஒப்புக்கொண்டார்கள். படிக்காதவன் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

வாங்கத் தொடங்க வேண்டிய அன்று காலை, வேலைக்குப் போகாமல் நீ வந்து நின்றாய். அந்த மூவரும் அங்கே இருந்தார்கள்.

"அண்ணாத்தே, மண்டி இன்னா நேரத்துக்கு முடியுது?"

"மத்தியானத்தோட. உனக்குத் தெரியாதா?"

"பேப்பரு இன்னா நேரத்துக்கு வருது? சாயங்கால வண்டில நான்தானே எறக்குறேன்? ரெண்டையும் ஒரே தேதில எய்திக்கினு, அந்த வெலையப் பாத்து அன்னிக்கே வாங்குனா மாதிரி கணக்குப் போட்டுட்டோம். பேப்பரு வரும்போது மண்டில ஆளே இருக்க மாட்டான்."

கடைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். "சாயங்காலம் வர்ற வெல காலைலயே தெரியுமா நைனா? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்."

அட்டைக்குக் கீழே எதையும் நாம் பார்க்கவில்லை. வரப்போவது அதே வரியில், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அந்த வண்டியின் நேரம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய இரண்டு பேர் ஏழு வருஷம் அதைக் கவனிக்கவில்லை.

ஆனால் அன்று நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ரயில்வேக்காரனுக்கு வியாபாரத்துல இன்னா தெரியும்?" என்றேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அந்த மாதமே எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளி, மறுநாள் விலைக்கு வாங்கியதாகப் போட்டுப் பார்த்தேன். லாபம் மறைந்துவிட்டது. மறுநாள் மண்டி திறக்கும்போதே சேதி எல்லோருக்கும் தெரிந்து விலை ஏறியிருக்கும். நீ சொன்னதுதான் சரி. இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ காய்ச்சலில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு நாள் ஆவடி வரை வந்தேன். உன் வீட்டுத் தெருமுனையில் நின்றேன். உள்ளே வந்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் நீ இல்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதை இன்றும் சொல்வேன். நேரம் இல்லை, மூன்று பேருடைய முதல் போயிருக்கும் என்று நீ சொல்லலாம். இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம்.

உன் ஸ்டேஷன் வழியாக இப்போது பட்டாளத்துச் சரக்கு வண்டிகள்தான் ஓயாமல் போகின்றன. பத்திரிகையை நானே போய் வாங்கி வருகிறேன். எந்த விலை எந்த நேரத்தில் கைக்கு வந்தது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுகிறேன். ஆமணக்கு விலையை வைத்துப் புதிதாக ஒரு விதி கிடைத்திருக்கிறது. எந்த வருஷத்தையும் விடாமல் போட்டுப் பார்த்தேன். நன்றாக வருகிறது. நன்றாக வருவதுதான் பயமாக இருக்கிறது. மண்டியில் சொன்னால் தலையாட்டுவார்கள், அல்லது சிரிப்பார்கள். உட்கார்ந்து குறுக்கே கேட்க யாரும் இல்லை. எங்கே தப்பு என்று ஒரு மாதமாக நானே தேடுகிறேன், கிடைக்கவில்லை. நீயாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடித்திருப்பாய்.