செல்வரத்தினம் அங்கிளின் நீர் மாத்திரை

ஜூன் 11, புதன். எப்சம், ஆக்லாந்து.

இன்று நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் எல்லார் முன்னாலும் செல்வரத்தினம் அங்கிள் என்னைப் புகழ்ந்துவிட்டார். கூச்சமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகம்.

ஏப்ரலில் யாழ்ப்பாணம் புறப்படும் முன் மாத்திரை வாங்க வந்தார். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போடுகிறவர். ஆக்லாந்து குளிருக்கு அந்த அளவு சரி. அங்கே வெயிலில் வியர்வையும் கொட்டி, மாத்திரையும் நீரை வெளியேற்றினால் உடம்பில் என்ன மிஞ்சும்? அவருடைய டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பல வருஷமாகப் போடும் மாத்திரைதானே?" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். நான் விடவில்லை. கடைசியில் அளவைக் குறைத்தார். அதற்குள் வரிசையில் நின்றவர்கள் முறைக்க ஆரம்பித்திருந்தார்கள். அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டேனோ என்று அன்று முழுவதும் உறுத்தியது.

இன்று அங்கிள் சொன்னார்: "பிள்ளை, என்ர மச்சானும் இதே குளிசைதான் போடுறவர். வெயிலுக்க கலியாண வேலையா ரெண்டு பேரும் ஒண்டாத்தான் திரிஞ்சனாங்கள். அவர் மயங்கி விழுந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தார். கிட்னி பழுதாகப் பாத்ததாம். எனக்கு ஒண்டும் வரேல்ல."

"இப்ப எப்படி இருக்கார் அங்கிள்?"

"ஓம், சுகமா இருக்கிறார். நீங்கள் சொன்னதை அவற்ற டொக்டரிட்டயும் சொன்னனான். அவரும் குறைச்சவர்."

பார்த்தே இராத ஒருவருக்கும் என் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த ஊரில் மருந்தாளராக மறுபடியும் தேர்வெழுதியபோது அழுதவள் நான்.

நாளைக்கு டாக்டருக்கும் போன் செய்து சொல்ல வேண்டும். சலித்துக்கொண்டாலும் குறைத்தது அவர்தானே.