வெள்ளை மாதத்தில் சொன்ன சொல்

ஜனவரி 9

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் யந்ஜிவ் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் மனைவி செவெல்மாவை உள்ளே அழைத்தார். கல்லீரல் என்னுடையது, அதைப் பற்றிய செய்தி அவளுடையது. நிலத்துக்கு அடியில் ஓடும் நீரை மேலிருந்தே கணித்துச் சம்பளம் வாங்கியவன் நான். வெளியே வந்தவளின் முகத்தைக் கணிக்க முடியாதா?

"வடு கொஞ்சம் வீங்கியிருக்காம். அவ்வளவுதான்" என்றாள்.

போன கோடையில் கல்லீரலின் வலப்பக்கத்தை அறுத்தெடுத்தார்கள். மிச்சத்தில் கட்டி திரும்ப வந்துவிட்டது.

ஜனவரி 16

தொடை மடிப்பில் துளையிட்டு, ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரல் வரைக்கும் குழாயை ஏற்றி மருந்தைச் செலுத்தினார்கள். 'வீக்கத்துக்கு மருந்து' என்றாள் நர்ஸ். வீக்கத்துக்கு எந்த ஊரில் கீமோதெரபி கொடுக்கிறார்கள்?

ஜனவரி 18

காய்ச்சல். விலாவுக்குக் கீழே யாரோ கரியை வைத்து ஊதுவது போலிருக்கிறது. உப்புத் தேநீர்கூட உள்ளே நிற்கவில்லை.

ஜனவரி 24

டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு, "வீட்டம்மாதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க" என்றார். போகட்டும், அதை எதிர்பார்த்தேன். அடுத்துச் சொன்னதைத்தான் எதிர்பார்க்கவில்லை. "உங்க தம்பியையும் சோதிக்கணும்னு போன வருஷமே அவங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேனே!"

சிறுவயதில் தம்பி கோம்போவும் நானும் மஞ்சள் காமாலையோடு ஒரே வார்டில் கிடந்தோம். கண்ணாடிச் சிரிஞ்சு ஒன்று. வரிசைக் கட்டில்கள் அத்தனைக்கும் ஒரே ஊசி. எனக்குள் அன்று நுழைந்து, இத்தனை வருஷம் கழித்துக் கட்டியைக் கொண்டுவந்த கிருமி அவனை மட்டும் விட்டுவைத்திருக்குமா?

செவெல்மாவைக் கேட்டேன்.

"அவன்கிட்ட சொன்னா காரணத்தச் சொல்லணும். அந்தப் பேரச் சொன்னா வந்துரும்ங்க."

வந்தாயிற்று. வந்த பிறகும் சொல்லவில்லை. அன்பினால்தான் செய்தாள், மறுக்கவில்லை. ஒருவனைப் புதைக்கும் வேளையில் இன்னொருவனுக்கும் குழி தோண்டுகிற அன்பு.

ஜனவரி 25

கோம்போவுக்கு ஃபோன் செய்தேன். நிலக்கரி லாரியோடு எல்லையில் நின்றிருந்தான். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன்.

"வீக்கம்தானேண்ணே? அண்ணி சொன்னாங்களே. உனக்கு வீங்கினா நான் எதுக்கு ஊசி குத்திக்கணும்?"

"வீக்கமில்லடா. புற்றுநோய்."

இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தான். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. என் கல்லீரல் டீசல்ல ஓடுதுண்ணே. வோட்கா ஊத்தினா இன்னும் நல்லா இழுக்கும்." வைத்துவிட்டான்.

பிப்ரவரி 11

இரண்டாவது முறை மருந்து. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 17

நாளை வெள்ளை மாதம் பிறக்கிறது, எங்கள் புத்தாண்டு. அன்று நல்ல சொல் மட்டுமே பேச வேண்டும். புத்தாண்டில் சொன்னது ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளும் என்று என் வீட்டார் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. அவர்கள் நம்புவது எனக்குப் போதும்.

பிப்ரவரி 18

ஆட்டின் முதுகுக்கறி, இறைச்சிக் கொழுக்கட்டை, பட்டு உடுப்பில் பதினைந்து பேர். கோம்போ முழந்தாளிட்டு, என் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி, முறைப்படி கேட்டான்: "சௌக்கியமா இருக்கீங்களாண்ணே?"

'சௌக்கியம்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லாத கேள்வி அது.

"இல்ல. கல்லீரல்ல புற்றுநோய். அறுத்தெடுத்தும் திரும்ப வந்திருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஊசி. உனக்கும் இருக்கு, போய்ப் பாரு."

'இருக்கலாம்' என்றல்ல, 'இருக்கு' என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். கோம்போவின் மனைவி ஹந்த்மா எழுந்து நின்று கத்தினாள்: "நீங்க சாகறதுன்னா தனியா சாகுங்க! என் புருஷன் மேல எதுக்கு வாய் வைக்கிறீங்க?" கொழுக்கட்டை ஆறுவதற்குள் வீடு காலியாகிவிட்டது.

செவெல்மா அழவில்லை. "இப்ப திருப்தியா?" என்றாள்.

இல்லை. இன்னும் அவன் சோதனைக்குப் போகவில்லையே!

மார்ச் 2

ஹந்த்மா லாமாவிடம் போய் மந்திரம் ஓதச் செய்திருக்கிறாள். அதிலும் மனம் ஆறாமல், கோம்போவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றிருக்கிறாள். என் வாக்கைப் பொய்யாக்கவேண்டுமாம்.

மார்ச் 5

இருக்கிறது. ஒரே இடத்தில், கட்டை விரல் நக அளவில். அறுத்தெடுக்கலாம் என்கிறார் யந்ஜிவ். என்னுடையது கண்ணில் பட்டபோது கைமுட்டி அளவு.

மகிழ்ச்சியா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அது இல்லை. கணக்கு சரியாக வந்திருக்கிறது, அவ்வளவே.

மார்ச் 20

கோம்போவுக்கு அறுவை முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். ஹந்த்மா வார்டு வாசலில் கைகளை விரித்து நின்றாள்.

"உள்ள வராதீங்க, பெரிய மாமா. நீங்க சொன்னதாலதான் வந்துச்சு. இன்னும் என்ன சொல்லப் போறீங்க?"

"நான் சொல்லலன்னா..."

"சொல்லாதீங்க!"

உள்ளேயிருந்து கோம்போவின் குரல் மெலிதாகக் கேட்டது: "போகச் சொல்லு." என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ! படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் இறங்க முடிந்தது. படுபாவிகள். உயிரைக் கொடுத்தவனை வாசலில் நிறுத்துகிறார்கள் — போதும். அவனுடைய குரல் தெளிவாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஏப்ரல் 6

மூன்றாவது முறை மருந்து கிடையாது. மிச்சக் கல்லீரல் தாங்காதாம். இம்முறை யந்ஜிவ் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார்.

கோம்போ எழுந்து நடக்கிறானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. செவெல்மா ஃபோனில் பேசியது காதில் விழுந்தது.

மாலையில் அவளிடம் சொன்னேன்: "சாவுக்கு கோம்போ வந்தான்னா என் பெட்டியத் தூக்க விடாதே. வயித்துல தையல் போட்டவன், இந்த வருஷம் முழுக்க பாரம் தூக்கக் கூடாது."

அவள் மாவு பிசைந்த கையை மெதுவாகத் துடைத்தாள்.

"அப்ப அவன் தூக்க வேண்டிய பக்கத்த யாரத் தூக்கச் சொல்றது?" என்றாள்.