என்னைத் தெரியுதா என்று கேட்காதீர்கள்

அண்ணி,

பக்கத்து வீட்டுச் சீன அக்கா காலையில் ஒரு பொமெலோ பழம் கொடுத்துவிட்டுப் போனார். தோலைக் கீறியதும் வாசனை வீடெல்லாம் பரவிவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பிறகு உங்களை நினைத்துச் சிரிப்பும் வந்துவிட்டது.

நாம் போன அந்த ஞாபகப் பயிற்சி வகுப்பில் மிஸ் ஆளுக்கொரு பொமெலோ சுளை கொடுத்து, "அவசரமே வேணாம். மோந்து பாருங்க, தொட்டுப் பாருங்க, அப்புறம் மெதுவா சாப்பிடுங்க" என்றார். மற்றவர்கள் கண்ணை மூடுவதற்குள் நீங்கள் விழுங்கிவிட்டு, "நல்லா இனிக்குதுலா, இன்னொன்னு இருக்கா?" என்றீர்கள். மிஸ்ஸே சிரித்துவிட்டார்.

ஆனால் சிரிக்கவா அங்கே போனோம்? அண்ணன் தவறிப்போன பிறகு உங்களுக்குச் சின்னச் சின்ன மறதி. சாவி, அடுப்பு என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவீர்கள். ஆட்களின் பெயர்தான் உங்களைப் பாடாய்ப் படுத்தியது. சித்தியவான் பக்கம் நாம் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றதும் நாம் ஈப்போவுக்கு வந்தோம். மற்றவர்கள் தைப்பிங், பாகான் டத்தோ என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். அதன் பிறகு ஒருவரையொருவர் பார்ப்பதே கல்யாண மண்டபத்தில்தான். பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்!"

பாசத்தில்தான் கேட்டார்கள். உங்கள் முகமோ செத்துப்போகும். வேர்த்த கை என் முந்தானையைத் தேடும். நான் காதோரமாகப் பெயரை எடுத்துக் கொடுப்பேன். கடைசியில் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டீர்கள்.

உங்கள் மகனுக்குக் கல்யாண நாள் குறித்த அன்று, "நான் மண்டபத்துக்கு வரல. வாசல்ல வர்றவங்கள வரவேற்க நீ நில்லு சரசு" என்றீர்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்தவ நிக்க வேண்டிய எடத்துல நாத்தனார் நின்னா ஊரு என்னா பேசும்? என் தலையத்தான் உருட்டும்!" என்று கத்தினேன். நீங்களோ சண்டைக்கு வராமல் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். முழு மறதி நோய் இல்லை, லேசான ஞாபகக் குறைவுதான், கூடவும் செய்யலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம் என்றார். வகுப்புக்கு அனுப்பியதும் அவர்தான்.

முதல் பாதி மூச்சைக் கவனித்து மனத்தை அமைதிப்படுத்துவது. மறுபாதி ஞாபகத்துக்குப் பயிற்சி. "மூச்சு விடறதுக்கும் வகுப்பா?" என்று கேட்டேவிட்டேன். மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை.

"பயம் வந்துட்டா தெரிஞ்ச பேருகூட வெளிய வராது ஆன்ட்டி. மொதல்ல பயத்த எறக்கணும், அப்புறம் பேரத் தேடணும். ரெண்டும் சேந்துதான் செய்யணும். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க, அவங்களே தேடட்டும்."

உடனே நீங்கள், "மிஸ், அதுதான் இவளுக்கு ரொம்ப சூசா, ரொம்ப செரமம். இவ வாயி சும்மா இருக்காது" என்றீர்கள். எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கினீர்கள்!

இருந்தாலும் விடாமல் போனோம். ஒரு முகத்தை நினைத்து, அவர் தோட்டத்தில் எந்த வீட்டில் இருந்தார், யாரோடு வேலைக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பழகினீர்கள். "பேரு வரல" என்று கூச்சமில்லாமல் சொல்லவும் மிஸ் பழக்கினார். உங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கல்யாணத்தன்று பச்சைப் பட்டுடுத்தி வாசலில் நின்றீர்கள். நான் பன்னீர்ச் செம்போடு பக்கத்தில். வளையல் குலுங்க ஒரு அம்மா வந்து உங்கள் கையைப் பிடித்தார்.

"அக்கா! என்னைத் தெரியுதா?"

எனக்குப் பெயர் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மெதுவாக ஒரு மூச்சு இழுத்து விட்டீர்கள். இன்னொன்றும். போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன்.

"மொகம் தெரியுது, பேரு வரலலா. நீ வந்ததே எனக்குச் சந்தோசம். போயி சாப்புடு, பேரு வந்ததும் நானே வந்து சொல்றேன்" என்றீர்கள். முகம் வாடவில்லை, கை என் முந்தானைக்கு வரவில்லை.

பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மாவை அப்படியே விட்டுவிட்டு மண்டபத்தின் அந்தக் கோடிக்கு நடந்தீர்கள். "அஞ்சல! தண்ணி டேங்குக்குப் பக்கத்து வீட்டு அஞ்சலதானே நீ!" என்று நீங்கள் கூவியது வாசல்வரை கேட்டது. அஞ்சலை எச்சில் கையோடு எழுந்து உங்களைக் கட்டிக்கொண்டார். நான் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

எல்லாப் பெயரும் திரும்பி வந்துவிடவில்லை. சில நாள் என் பெயருக்கே திணறினீர்கள். ஆனாலும் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோகும்வரை ஒரு கல்யாணத்தையும் நாம் விடவில்லை.

இப்போது யாரைப் பார்த்தாலும் நானே முந்திக்கொண்டு என் பெயரைச் சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளையும் அப்படியே பழக்கிவிட்டேன். எவராவது வயதானவரிடம், "தெரியுதா?" என்று ஆரம்பித்தால், "பரீட்சை வைக்கவா வந்தே? மொதல்ல ஒம் பேரச் சொல்லு" என்று ஏசிவிடுகிறேன். போன வாரம் தைப்பிங்கில் ஒரு பெரியவரிடம், "நான் சரசு, ஒங்ககூட வேல செஞ்சவரு மக" என்றேன். அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எனக்கும் ஒருநாள் அழைப்பு வரும், அண்ணி. அங்கே உங்களைக் கண்டதும் தெரிகிறதா என்று கேட்கமாட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் சரசு வந்திருக்கேன்" என்று முதலில் சொல்லிவிடுவேன்.