கெட்டியான ரத்தத்துக்கு இரும்பு டானிக்

“ரத்தம் கூடினா நல்லதுதானே, டீச்சரே? அதை ஏன் எடுத்துக் கொட்டணும்?”

சிநேகிதியே, உன் நாத்தனார் அன்று என்னிடம் கேட்ட கேள்வி. இன்று கரமனை மருந்துக்கடையில் யாரோ கைதவறி ஒரு டானிக் புட்டியை உடைத்துவிட்டார்கள். வெல்லப்பாகும் துருவும் கலந்த வாடை எழுந்ததும் அவள் குரல் காதில் கேட்டது. மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

உனக்கு வந்தது மெல்ல வளரும் ரத்தப் புற்றுநோய். சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும். ரத்தம் கெட்டியாகி எங்கேயாவது உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின், அவ்வப்போது ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுப்பது. இரும்புச்சத்து மருந்து எதையும் தானாகச் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் உன்னிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

நாத்தனாருக்குப் பொறுமையாகவே விளக்கினேன். தம்பானூர் ஸ்டாண்டுக்குள் எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் நல்ல பஸ்தான். ஆனாலும் ஒன்றும் நகராது. சிலவற்றை வெளியே அனுப்பத்தான் வேண்டும்.

“அப்போ நான் பஸ் ஸ்டாண்டாடி?” என்று சிரித்தாய். அதன்பின் ரத்தம் எடுத்துவிட்டு வரும்போதெல்லாம் வாசலிலேயே சொல்வாய்: “இன்னிக்கு ஒரு பஸ் போயாச்சு.”

அன்று நாத்தனாரும் சிரித்தாள். மறுநாள் டானிக் புட்டியோடு வந்தாள். பின்னாலேயே பேரீச்சம்பழ லேகியம். பார்க்க வந்தவர்கள் உன் சிவந்த முகத்தை மெச்சினார்கள். “நல்ல களையா இருக்கேளே, உங்களுக்கா சீக்கு?” அந்தச் சிவப்பே நோய்தான் என்று கேட்டுக்கொள்ள ஒருவருக்கும் பொறுமையில்லை.

“ஏண்டி அந்த டானிக்கைக் குடிக்கறே?” என்றேன்.

“குடிக்கலேன்னா அவ சாப்பிடாம உக்காந்துக்கறா. ஆத்துல சமாதானம் வேணுமே.”

அடுத்த பரிசோதனையில் ரத்தம் இன்னும் கெட்டியாகியிருந்தது. உடனே வரச் சொன்னார் டாக்டர். “கோவில் பொங்காலை கழிஞ்சு போனாப் போரும், கேட்டோ. இப்போ ரத்தம் எடுத்தா மன்னி துவண்டு போயிடுவா” என்று அவள் தடுத்தாள். நீ தலையாட்டினாய். பொங்காலைக்கு முன்பே, ஒரு காலையில், உன் கையிலிருந்த டம்ளர் நழுவியது, வாய் கோணியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நீ வீடு திரும்பவில்லை.

டானிக்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றதை ஊற்றினாள், வேண்டும் என்றதைத் தள்ளிப்போட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் சொன்னாள்: “ஆஸ்பத்திரிலே ரத்தத்தை எடுத்து எடுத்தே கொன்னுட்டா. நான் குடுத்ததுனாலதான் அத்தனை நாள் தாங்கினா.” படித்தவர்கள் அத்தனை பேரும் ‘ஆமாம்’ என்றார்கள். கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. ரத்த நோய் என்று யார் சொன்னாலும், கேட்காமலே பஸ் ஸ்டாண்டு கதையைத் தொடங்கிவிடுகிறேன். நீ சிரித்த இடத்தில் அவர்களும் சிரிக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலும் இந்த நோய் உள்ளவர் இருந்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, உறவுக்காரர்கள் அன்போடு கொடுத்தது உட்பட அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரின் மேசைமேல் வையுங்கள்.