மச்சான் மாட்டிய வீல்

ஆவணி 9, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை. வாங்க வேண்டியவை: பாப்பாவுக்குச் சளி மருந்து, காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு, எனக்கு ஒரு வெள்ளை வேட்டி (பழையதில் மஞ்சள் கறை).

வண்டி பின்பக்கம் ஆடுகிறது. நேராகப் போனால் அவ்வளவாகத் தெரியவில்லை. அவனியாபுரம் வளைவில் யாரோ பின்னால் பிடித்து ஆட்டுகிற மாதிரி. போன வாரம் இப்படி இல்லை. ஞாயிறன்று செல்வியின் அண்ணன் அலங்காநல்லூரிலிருந்து வந்து பின்வீல் பேரிங் மாற்றிக் கொடுத்தார். அச்சு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கடைக்குக் கொண்டுபோகலாம் என்றேன்.

"நான் இருக்கையில கடை எதுக்கு மாப்ள? பம்புசெட்டையே பிரிச்சு மாட்டுறேன்."

அச்சை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். சாக்குப்பையிலிருந்து வேறு ஏதோ வண்டியின் அச்சை எடுத்துப் போட்டார். கோழிக்குழம்பு சாப்பிட்டார். போய்விட்டார்.

இன்று போன் பண்ணி ஆடுகிறது என்றேன். "ஓட ஓட செட் ஆயிரும் மாப்ள."

ஆவணி 11, வியாழன்

புழுக்கம். லேபில் ரத்தம் கொடுக்க வந்த கூட்டம். சர்க்கரை, சர்க்கரை, தைராய்டு, சர்க்கரை. ஒருவர் டீ குடித்துவிட்டு வெறும் வயிறு என்கிறார். டீ சாப்பாட்டில் சேராதாம்.

சாயங்காலம் வீலைக் கழற்றிப் பார்த்தேன். அச்சு ஒரு சைஸ் மெல்லியது. பேரிங் ஓட்டையில் லொடலொடவென்று ஆடக்கூடாது என்று பால்பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. செயின் பக்கம் புஷ் இல்லை. வீலைத் தள்ளிப் பிடித்து நடுவில் நிறுத்துகிற குழாய்த் துண்டு அது. அச்சை அறுத்தபோது அதுவும் சேர்ந்து போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் நாலு வாசர், மெல்லிய தகட்டு வளையங்கள். ஒன்று ஏற்கெனவே வளைந்துவிட்டது.

கோபம் வந்தது. இந்த வண்டியில்தான் பாப்பாவை முன்னால் உட்காரவைத்துப் பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

செல்வி பார்த்துவிட்டாள். "அண்ணேட்ட ஒண்ணும் சொல்லிராதிய. ஞாயித்துக்கெழம அவுக மடிலதேன் பாப்பா உக்காரணும்."

சரி. தாய்மாமன் மடி. எங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் பத்திரிகையில் அவர் பெயர் இரண்டாவது வரிக்குப் போனதற்கே கை நனைக்காமல் போனவர். அப்புறம் தீபாவளி வரை பேச்சில்லை.

ஆவணி 12, வெள்ளி

பஸ்ஸில் செல்லூர், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு. தறிச் சத்தத்தில் கடைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மச்சான் போட்ட அச்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்த வண்டிச் சாமானே இல்லண்ணே. யாரு மாட்டுனா?"

"தெரியல. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது."

அந்த வண்டியைப் புதிதாக வாங்கியவன் நான்.

என் வண்டிக்கான அச்சு, புஷ் இரண்டு, நட்டு, நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே போடும் பின். புஷ் மட்டும் பழைய மாடலுக்கு வராது என்றார். உள்ளே போய்த் தேடி, தூசியோடு ஒரு கவரைக் கொண்டுவந்தார். ஊதினார். தூசி என் முகத்தில். அந்தம்மா சிரிக்கவும் இல்லை.

ஆவணி 13, சனி

காலையில் தூறல். பிறகு வெயில்.

வீட்டுவாசலில் வைத்து மாட்டினேன். நீளப் புஷ் செயின் பக்கம், குட்டைப் புஷ் பிரேக் பக்கம். முதலில் மாற்றிப் போட்டுவிட்டேன். செயின் சாய்வாக வந்தது. கழற்றித் திரும்பவும். இந்தத் தடவை அச்சு தானாக வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. சுத்தியல் தேவைப்படவில்லை. வீலைக் கையால் சுற்றிவிட்டேன். சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லா இருந்தது.

எதிர்வீட்டு சார்: "என்ன தம்பி, மெக்கானிக் ஆயிட்டியளா?" ஆமாம் என்றேன்.

செல்வி: "அண்ணே கேட்டா?"

"செட் ஆயிருச்சும்பேன்."

ஆவணி 14, ஞாயிறு

நல்ல வெயில். அலங்காநல்லூர். குலதெய்வம் கோயில். பாப்பா மொட்டைக்கு அழவில்லை, காதுக்குத்தான் ஊரைக் கூட்டினாள். மச்சான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் கண் கலங்கினார்.

சாப்பாட்டுக்கு முன் என் வண்டியை வாங்கி ஒரு ரவுண்டு போய்வந்தார். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்ன மாப்ள, செட் ஆயிருச்சா இல்லயா?"

"ஆயிருச்சு மச்சான்." செல்வி என்னைப் பார்த்தாள். தப்பித்தோம்.

அடுத்து அவர் சொன்னது: "நேத்து என் வண்டிக்கும் அதே வைத்தியந்தேன். நாலு வாசர். லேசா ஆடுது. ஓடட்டும்." சொல்லிக்கொண்டே பாப்பாவைத் தூக்கித் தன் வண்டி டேங்கில் உட்காரவைத்தார். "வாடி தங்கம், மாமா ரோட்டுக்குக் கூட்டிப் போறேன், ஐஸ் வாங்கித் தாரேன்."

வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். முன்னால் போய் நின்று சாவியைத் திருகி எடுத்தேன்.

"என்ன மாப்ள இது?"

"எறங்குங்க மச்சான். என் வண்டி செட் ஆகல. உங்க அச்சையும் வாசரையும் கழட்டிட்டு வேற போட்டேன். இது கழண்டுக்கிரும்."

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அவர் பாப்பாவை இறக்கி என் கையில் கொடுத்தார். கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர் பந்திக்கு வரவில்லை. செல்வி இலையோடு போனாள். இலையோடு திரும்பி வந்தாள்.

வரும் வழியெல்லாம் செல்வி பின்சீட்டில். அழுதிருப்பாள். திரும்பிப் பார்க்கவில்லை நான். பாப்பா தூக்கம். திரும்பவும் அதே இடம் வந்தால் அதையேதான் செய்வேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது செல்விக்கு போன். மச்சான். என்னைக் கேட்கவில்லை. பேசி முடித்துவிட்டு அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்.

"அண்ணே காலைல மொத பஸ்ஸுல வாராகளாம். பின்வீலக் கழட்டிச் சாக்குல கட்டிட்டாகளாம். ஒங்கள லீவு போடச் சொன்னாக."