மீனுக்குப் பக்கத்தில் பச்சைப் பாம்பு

ஜூலை 6, ஞாயிறு

முழங்கால் இரண்டும் கல்லாய்க் கிடக்கிறது. கிழமைநாள் முழுக்க ஹோட்டல் சலவை அறையில் நின்றபடி வேலை. சனி சாமான் வாங்கல், துப்புரவு. ஞாயிறு பூசை முடிந்தால் இவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். இன்றைக்கும் கோயில் வாசலில் வைத்துத்தான் எனக்குத் தெரியும். "இஞ்சேர், சவிரிமுத்து அண்ணையாக்களும் சாப்பிட வருகினம்." வருகினமாம்! பிட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. எல்லாரும் போனபிறகு நான் சட்டி கழுவ, என் மனிசன் ஜெராட் சோபாவில் குறட்டை.

ஒரு ஞாயிறு — ஒரேயொரு ஞாயிறு — காலை நீட்டிக்கொண்டு சும்மா கிடக்க ஆசை. சொன்னால், "வாற சனத்தை வராதையுங்கோ எண்டு சொல்லலாமே?" என்பார். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

வேலை. நித்திரை. வேறொன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

மனிசனைப் பாம்பு கடித்துவிட்டது. மொன்றியலில்! எழுதும்போதே விசர்க்கதை மாதிரி இருக்கிறது.

இவர் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் கிடங்குக்கு, குசினி மேடைக்குப் போடுகிற கருங்கல் பலகைகள் தென்னாபிரிக்காவின் டர்பனிலிருந்து வந்திருக்கின்றன. கொன்ரெய்னரைத் திறந்தால் மரச்சட்டத்துக்குள் மெல்லிய பச்சைப் பாம்பு ஒன்று. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவர் ஓடுவாரா? ஊர்க் கண்கொத்திப் பாம்பென்று நினைத்து, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் பிடித்தாராம். அது கண்ணை ஏன் தேடப்போகிறது? பிடித்த கையில் கொத்திவிட்டது. பிறகு சப்பாத்தால் அதன் தலையை நசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்.

மகள் செலீன் போனில் தேடிப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனாள். அந்த நாட்டில் பூம்ஸ்லாங் என்று ஒரு பாம்பு இருக்கிறதாம், அதிலும் பச்சை உண்டாம். கடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் போனபிறகுகூட இரத்தம் உறையாமல் பல் முரசால், மூக்கால் வரத் தொடங்குமாம். அதே நிறத்தில், அதே மெலிவில், ஒன்றும் செய்யாத பாம்புகளும் அங்கே நிறைய. இவரைக் கடித்தது எது?

"பச்சைப் பாம்புக்கு விஷமில்லையப்பா!"

"அப்பா, அது ஊர்ப் பாம்பு. இது வேற."

இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கைவசம் இல்லை, வெளியிலிருந்து எடுப்பிக்கவேண்டும், இன்ன பாம்பென்று தெரிந்தால் நல்லது என்றா டொக்டர் அம்மா. அதுவரை இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். "செத்த பாம்பு எங்கே?" என்று கேட்டா. இவர் காது கேளாதவர்போல யன்னலைப் பார்த்தார்.

ஜூலை 10, வியாழன்

கட்டிலடியில் குந்தியிருந்து, கண்கொத்திப் பாம்பு மாதிரி அவருடைய முரசையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறவுங்கோ என்றால் திறக்கிறார். எதிர்த்துக் கதைக்காத ஜெராட்டைப் பார்க்கவே பயமாயிருக்கு. மாதாவே, ஒரு ஞாயிறு ஓய்வுதானே கேட்டனான். இப்பிடியோ தருவாய்?

காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி ஒரு ஞாயிறும் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டன். உம்மாணை." பிறகு சுவரைப் பார்த்தபடி, "பாம்பு வீட்டை பிறீசருக்குள்ள கிடக்குது. செலீனுக்குக் காட்டக் கொண்டந்தனான்."

"என்ரை பிறீசருக்குள்ளயோ?"

"சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளதானப்பா. மீனுக்குப் பக்கத்தில."

பாம்பு விட்டுவைத்த இடத்தில் நானே கடித்திருப்பேன்.

மத்தியானம் நானும் செலீனும் வீட்டுக்கு ஓடிவந்தோம். ஆஸ்பத்திரிக்காரர், டர்பனில் பாம்பு பிடிக்கிற ஒரு பெண்ணோடு எங்களை வீடியோவில் தொடுத்துவிட்டார்கள். செலீன் போனைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்வதைத் தமிழில் சொன்னாள். பாம்பைத் தொட்டது நான்தான். இந்த வீட்டில் வேறு யார் தொடுவது?

தலை நசிந்ததால் கண்ணின் பருமனைப் பார்க்க வழியில்லை, முதுகைத் தடவுங்கள் என்றாள். பூம்ஸ்லாங் என்றால் முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் வரம்பு இருக்கும், சொரசொரக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஈரச் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. திரும்பத் தடவச் சொன்னாள். வழுவழுப்புத்தான். பச்சை மாம்பா என்ற விஷப்பாம்பும் வழுவழுப்புத்தானாம், ஆனால் அது கடித்திருந்தால் நேற்றே தெரிந்திருக்குமாம்.

"அப்ப விஷமில்லைத்தானே?" என்று செலீன் அழுதாள்.

டர்பன் பெண் விடவில்லை. பெயர் தெரியாமல் விஷமில்லை என்று சொல்லமாட்டாளாம். ஒன்றும் செய்யாததில் மூன்று வகை, ஒன்றைப்போல ஒன்று. வயிற்றைப் பார்க்கச் சொன்னாள். நகத்தால் இழுத்தேன், வயிற்றின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய விளிம்பு தட்டியது. அப்படியென்றால் தண்ணீரோரம் தவளை பிடிக்கிற பாம்பு இல்லை, அதற்கு விளிம்பு இராது. மிச்சம் இரண்டு. ஒன்று வெறும் பச்சை. மற்றதற்கு உடம்பின் முன்பாதியில் கறுப்புப் புள்ளி.

எங்கள் பாம்பில் கறுப்பு இருந்தது. ஆனால் சப்பாத்தால் நசித்தது — காய்ந்த இரத்தமாயும் இருக்கலாமே? கழுவச் சொன்னாள். குழாயைத் திறந்து கழுவினேன். தேய்த்தும் கழுவினேன். கறுப்புப் போகவில்லை.

"புள்ளி! புள்ளியடி!" என்று கத்தினேன்.

புள்ளிப் பச்சைப் பாம்பு. மரமும் சுவரும் ஏறித் திரியும், பல்லி தின்னும், மனிசருக்கு ஒன்றும் செய்யாது. குசினி நிலத்தில் இருந்து அழுதேன். இந்த மனிசன் இல்லாமல் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?

ஜூலை 11, வெள்ளி

இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. வீட்டுக்கு வந்தாயிற்று. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "நான் அப்பவே சொன்னனான், பச்சைப் பாம்புக்கு விஷமில்லையெண்டு."

ஜூலை 13, ஞாயிறு

உம்மாணை மூன்று நாள் தாங்கியது.

சுகம் விசாரிக்க வருகினமாம். போன கிழமையை விடக் கூட்டம். திரும்பவும் பிட்டு, திரும்பவும் மீன் குழம்பு. எல்லாரும் பாதி சாப்பிடும்போது இவருக்குக் கதை ஏறிவிட்டது. எழும்பிப்போய் பெட்டியை எடுத்துவந்து, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

சாப்பிட வந்திருந்த அக்னெஸ் அக்காவின் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. "ஜெராட், இதை எங்கை வச்சிருந்தனீங்கள்?"

"பிறீசருக்குள்ளதானக்கா. மீனோடை."

சவிரிமுத்து அண்ணை கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தார். "வயிறு நிறைஞ்சு போச்சு பிள்ளை." முதல்தரம் போட்டதே அப்படியே கிடந்தது.

மிஞ்சின குழம்பைக் கொட்டினேன். மனம் எரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இவர் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்குத் தலையிடி. ஒருவருக்கு ரொறன்ரோப் பயணம். அக்னெஸ் அக்கா விரதமாம் — ஞாயிற்றுக்கிழமையில்!

ஜூலை 27, ஞாயிறு

மழை. ஒருவரும் வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். மத்தியானம் பாணும் முட்டையும்தான்.

ஜெராட் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துவிட்டு, கேளாமலே தேத்தண்ணீர் போட்டுக்கொண்டுவந்து என் காலடியில் இருந்தார். சீனி கூடிப்போச்சு. சொல்லாமல் குடித்தேன்.

"இஞ்சேர், அந்தச் சனியனை எறிஞ்சால் என்ன? சனம் வரப் பயப்படுது," என்றார்.

"எறியேலாது. டர்பன் பிள்ளை கேட்டால் அனுப்பவேணும். படிப்புக்கு உதவும்."

"எப்ப கேப்பா?"

"பேந்து கேப்பா."

அவள் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள், அவளுடைய ஊரில் கூரைக்குக் கூரை அதுதானாம். இவர் நித்திரையானதும் எழும்பிப்போய் பிறீசரைத் திறந்தேன். மீன்களுக்குப் பின்னால் கிடந்த பெட்டியை, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி முன்னுக்கு இழுத்து வைத்தேன்.