ஒரு சதவீதம் மிச்சம்

மண்ணூர்பேட்டை,
18.1.2026

அன்புள்ள எழிலுக்கு,

நீ அங்கே எப்படி இருக்கிறாயோ, எனக்கு இங்கே பொழுது போகவில்லை. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் முறையாகக் கடிதம் எழுதுகிறேன். பொங்கலுக்காவது வருவாய் என்று பார்த்தேன். கரும்பு ஒன்றே ஒன்று வாங்கினேன், அதுவும் மறுநாள் விலை இறங்கிய பிறகு.

நீ உன் அக்கா வடிவு வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. என்ன கோபம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் குடிக்கிற ஆளா? என்றைக்காவது உன்மேல் கை நீட்டியிருக்கிறேனா? லேத்தில் நின்று சம்பாதித்ததை வீணாக்காமல் சேர்த்தேன். ஆறு வருடம் வாரம் எண்ணூறு ரூபாயில் நாம் குடும்பம் நடத்தியதால்தானே திருநின்றவூர் தாண்டி ஒரு மனை வாங்க முடிந்தது? நீ சங்கிலியை விற்றுக் கொடுத்ததையும் நான் மறக்கவில்லை.

இப்போது ஒரு காரியம் ஆக வேண்டும். கம்பெனி சொசைட்டியில் வீடு கட்டக் கடன் தருகிறார்கள். மனை என் பெயரில் இருக்க வேண்டுமாம். பத்திரம் எழுதினவர் அன்றைக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "லேடீஸ் பேர்ல போட்டா ஃபீஸ்ல ஒரு பர்சென்ட் கம்மி, அண்ணாத்தே" என்றார். நானும், "போடு, அவ இன்னா வேத்தாளா?" என்றேன். அந்த ஒரு சதவீதம் மிச்சமானது நல்லதுதான். இனி நீ வந்து என் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும். பத்திரம் பீரோவில் இல்லை, நீதான் எடுத்துப் போயிருப்பாய். கையோடு கொண்டு வா. உனக்கு பஸ் இலவசம், வந்து போக ஒரு செலவும் இல்லை.

ஒரு அறையாவது எழுப்பிவிட்டால் நீ ஆசைப்பட்டபடி குழந்தை பெற்றுக்கொள்ளலாம். அன்றைக்கு உண்டானதை வேண்டாம் என்று நான் சொன்னது நம் நல்லதுக்குத்தான்.

உன்
தமிழரசு


சென்னீர்குப்பம்,
24.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். நெடுஞ்சாலையோரம் ஒரு குடோனில் பார்சல் கட்டுகிறேன். இனியும் கடிதமாகவே எழுதுங்கள். பேசினால் நீங்கள் பாதியில் வெட்டிவிடுவீர்கள். காகிதம் என்றால் நான் சொல்வதைக் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வாரம் எண்ணூறில் நாம் குடும்பம் நடத்தினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நடத்தியது நான். நீங்கள் சனிக்கிழமை காலையில் நோட்டை டிவி மேல் வைத்துவிட்டுப் போவீர்கள்.

பிப்ரவரி மாதம் முழுக்க நீங்கள் நடத்திக் காட்டுங்கள். ரேஷன் அரிசிதான். கேஸ், சோப்பு, மாத்திரை எல்லாம் அந்த எண்ணூறுக்குள் வர வேண்டும். கரண்ட் இலவச யூனிட்டைத் தாண்டக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு முன்னால் ஃபேன் கிடையாது. எல்லாம் நீங்கள் எனக்குப் போட்ட சட்டம்தான், நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. நாம் இரண்டு பேர் இருந்தோம், நீங்களும் இரண்டு பேராக இருங்கள். உங்கள் அம்மாவை ஆவடியில் இருந்து கூட்டி வந்து வைத்துக்கொள்ளுங்கள். "எம்புள்ள ஒத்த ரூபா வீண் பண்ண மாட்டான்" என்று தெரு முழுக்கப் பெருமை பேசியவர் அவர்.

மாதம் முடியட்டும். நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்
எழிலரசி


மண்ணூர்பேட்டை,
15.2.2026

எழிலு,

முதல் வாரம் நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்தேன். இதெல்லாம் ஒரு பெரிய வித்தையா என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஒரு வாரக் காசை அது ஒன்றே விழுங்கிவிடுகிறது. இதை நீ ஏன் எனக்குச் சொல்லவே இல்லை?

அம்மாவோடு தினமும் சண்டை. நேற்று தட்டைத் தள்ளிவிட்டார். "இன்னாடா இது, கொழம்பா, கைகழுவுன தண்ணியா? ஆறு வருசமா அந்தப் பொண்ணு இத்தையா துன்னுகினு கெடந்துச்சு?" என்று கேட்கிறார். நான் மதியம் கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறேன் என்பதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். "நீ துன்ட்டு வந்துட்ற. ஊட்ல கீறவ இன்னாத்தடா துன்றது?" என்கிறார். ஃபேனை நிறுத்தக் கையை நீட்டினால் துடைப்பத்தைத் தேடுகிறார்.

நீ எப்படித்தான் ஓட்டினாய்? உண்மையைச் சொல். நானும் அதே மாதிரி செய்துவிட்டுப் போகிறேன்.

தமிழரசு


மண்ணூர்பேட்டை,
1.3.2026

அன்புள்ள எழிலுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. நான் மாதத்தை முடித்துவிட்டேன். அம்மா கடைசி வாரம் ஆவடிக்கு, அண்ணன் வீட்டுக்கே ஓடிவிட்டார், அதை என் தோல்வியாகக் கணக்கு வைக்காதே. பருப்பு இல்லாமலே நான்கு நாள் போனது. வாயில் புண் வந்திருக்கிறது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கன் போட்டிருக்கிறேன். சொன்ன சொல் மாறாதே. பத்திரத்தை மறந்துவிடாதே. இனிமேல் உனக்கு வாரம் ஆயிரம் தருவதாக முடிவு செய்திருக்கிறேன். உன் கஷ்டம் எனக்குப் புரிந்துவிட்டது.

உன்
தமிழரசு


சென்னீர்குப்பம்,
5.3.2026

தமிழரசு அவர்களுக்கு,

நேற்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்களோ தெரியாது. வருவதாக நான் எழுதியது பொய்.

மனையை விற்றுவிட்டேன். போன மாதம் இருபதாம் தேதி பத்திரம் முடிந்தது. பக்கத்து மனைக்காரர் சுப்பராயன்தான் வாங்கினார். பணம் புரட்ட அவர் ஒரு மாதம் கேட்டார். அந்த ஒரு மாதம் நீங்கள் அந்தப் பக்கம் தலை காட்டாமல் இருக்க வேண்டும். உங்களை வீட்டில் கட்டிப்போட வாரம் எண்ணூறைவிட நல்ல கயிறு எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சிலிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நான் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

எப்படி ஓட்டினாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் சாப்பிடவில்லை. வேறு வித்தை எதுவும் இல்லை. நீங்கள் கேன்டீனில் சாப்பிட்ட மதியங்களில் நான் அடுப்பையே பற்ற வைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். அந்த மனையில் உங்கள் சம்பளம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. என் வயிறும் என் அம்மா போட்ட சங்கிலியும் அதற்குக் குறைவாக இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "அன்றைக்கு உண்டானது" என்று எழுதியிருந்தீர்கள், வாங்க மறந்த காய்கறியைச் சொல்வது போல. பெரியாஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள் என்று சொன்னது நீங்கள். இரண்டு பேர் போனால் உங்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று என்னைத் தனியாக அனுப்பினீர்கள். திரும்பும்போது உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். வீட்டில் வந்து படுத்த பிறகு நீங்கள் கதவோரம் நின்று கேட்டது ஒரே கேள்விதான்.

"செலவு ஒண்ணும் ஆவலியே?"

இல்லை என்றேன். நீங்கள் "அப்பாடா" என்றீர்கள்.

அந்த "அப்பாடா"வுக்குத்தான் மனை.

குடிக்கவில்லை, அடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். குடிகாரன் பெண்டாட்டி தெருவில் நின்று கத்தினால் நாலு பேர் வந்து கேட்பார்கள். புருஷன் சிக்கனக்காரன் என்று நான் யாரிடம் போய்க் கத்துவது? கொடுத்து வைத்தவள் என்றுதான் சொன்னார்கள். உங்கள் அம்மா சொன்னார், வீட்டுக்காரம்மா சொன்னார், என் அக்காவே சொன்னாள். ஆறு வருடம் நல்லவன் என்ற பெயரோடு ஒருத்தியைப் பட்டினி போட்டீர்கள். ஊர் உங்களுக்கு சபாஷ் போட்டது.

கோர்ட்டுக்குப் போவதானால் போங்கள். என் பெயரில் எழுதச் சொன்னது யார் என்று கேட்பார்கள். ஒரு சதவீதத்துக்காக என்று நீங்களே சொல்லுங்கள், கேட்டவர்கள் சிரிக்கட்டும். வக்கீல் முதல் நாளே ஃபீஸ் கேட்பார், அதை எந்த வாரத்தில் சேர்ப்பது என்று யோசித்து வையுங்கள். பணம் என் கணக்கில் இருக்கிறது. எனக்கு அவசரச் செலவு எதுவும் இல்லை. அது அங்கே கிடக்கிறது என்று தினமும் நினைத்து நீங்கள் வேக வேண்டும். அதற்காகவே அது கிடக்கட்டும்.

பத்திரம் முடிந்த அன்று ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்தேன். மீன் குழம்பு, வறுவல். இரண்டாவது முறை சோற்று வாளியோடு வந்தவர், "போடட்டாம்மா?" என்றார். போடச் சொன்னேன்.

எழிலரசி